ஆணி அடிக்காமல் அழகான வீடு: வாடகைவாசிகளின் அனுபவங்கள்

பெரம்பூர், சென்னை

போன ஐப்பசியில் இரண்டாம் மாடி வீடு ஒன்றுக்குக் குடிவந்தோம். பால் காய்ச்சிய அன்றே, கீழ்வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனர் மேலே வந்தார். "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதும்மா. கதவுல ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. பால்கனி கைப்பிடிச் சுவர் மேல தொட்டி வைக்கக் கூடாது" என்றார். அப்போது என் மாமியார் கையில் தினசரி காலண்டர் இருந்தது. அதை மாட்ட அந்த வீட்டில் ஓர் ஆணிகூட இல்லை.

சரி, ஆணிதானே கூடாது என்று ஒட்டும் கொக்கிகள் வாங்கி வந்து, ஹாலில் அப்பாவின் படத்தை மாட்டினேன். அந்தச் சுவரில் அடித்திருந்தது டிஸ்டெம்பர். கையால் தடவினால் மாவு போல ஒட்டும் சுவர் அது. அதில் எந்தப் பசையும் நிற்காது என்று எனக்கு அப்போது தெரியாது. மூன்றாம் நாள் காலையில் படம் கீழே கிடந்தது. உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்டும் உரிந்து வந்திருந்தது. கண்ணாடி உடைந்ததைவிட, இதை எப்படிச் சொல்வது என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

அன்று மாலையே கீழே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. மேலே வந்து பார்த்துவிட்டு, படுக்கையறைச் சுவரைத் தட்டிக் காட்டினார். டொக் டொக் என்று உள்ளே காலியான சத்தம். முன்பு குடியிருந்தவர்கள் கான்கிரீட் ஆணியைச் சுத்தியலால் அடித்து அடித்து, பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்திருக்கிறது. மழை பெய்தால் அங்கேதான் ஓதம் ஏறுமாம். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தைப் போட்டுக் கட்டிய வீடு என்றார். அந்த விதி எதனால் வந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார். "எங்கெங்க வேணும்னு பென்சில்ல குறிச்சு வைம்மா. நானே டிரில் போட்டுத் தரேன்." ஞாயிற்றுக்கிழமை வந்து மூன்று ஓட்டைகள் போட்டு, பிளக் செருகி, திருகாணி மாட்டிக் கொடுத்தார். சுத்தியல் அடி பூச்சையே அதிர வைக்கும், டிரில் அந்த ஓட்டையோடு நின்றுவிடும் என்றார். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் மட்டும் எதுவும் வேண்டாம், உள்ளே ஒயர் போகும் குழாய் இருக்கும் என்பதையும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். உரிந்த இடத்தில் வால் புட்டி இரண்டு முறை பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பரணில் மிச்சமிருந்த டிஸ்டெம்பரை நான் அடித்தேன்.

இப்போது ஒரு கொக்கியில் அப்பா, ஒன்றில் காலண்டர், ஒன்றில் கடிகாரம். மற்ற எல்லாவற்றையும் சுவரைத் தொடாமலே செய்தோம். அம்மாவின் பழைய சுங்குடிப் புடவைகள் இரண்டைத் திரைச்சீலையாகத் தைத்து, ஜன்னல் மரச்சட்டத்தில் முன்பே இருந்த கொக்கிகளில் ஸ்பிரிங் கம்பி கட்டித் தொங்கவிட்டேன். காலையில் வெயில் அதன் புள்ளிகள் வழியாக வரும்போது ஹாலே நிறம் மாறிவிடுகிறது. பத்தமடைப் பாய் ஒன்றைப் பரணின் விளிம்பிலிருந்து தொங்கவிட்டிருக்கிறோம். அதன் மேல்முனையைப் பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டிகள் பிடித்துக்கொள்கின்றன. டியூப்லைட்டை ராத்திரியில் அணைத்துவிட்டு, மூலையில் மஞ்சள் வெளிச்சம் தரும் ஒரு நிற்கும் விளக்கை மட்டும் போடுகிறோம். வாசலில் ஸ்டிக்கர் இல்லை, தினமும் மாக்கோலம்தான். தொட்டிகள் பால்கனித் தரையில், அடியில் தட்டோடு இருக்கின்றன.

பீளமேடு, கோவை

எனக்கு நடந்தது வேறுங்க. எங்கள் வீட்டு ஓனர் ஒட்டுவதற்கு ஒப்புக்கொண்டார், ஆணிக்கு மட்டும்தான் தடை. அதனால் மேற்குச் சுவர் முழுக்கப் பிளாஸ்டிக் வால்பேப்பர் ஒட்டினேன். செங்கல் டிசைன், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு மழைக்காலம் போனபின் ஓரத்தில் உப்பிக்கொண்டு வந்தது. உரித்தால் பின்னால் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. சுவர் மூச்சுவிட வழியில்லாமல் ஈரம் உள்ளேயே நின்றுவிட்டது. மழை படும் வெளிச்சுவரின் உள்பக்கத்தில் தயவுசெய்து இதை ஒட்டாதீர்கள்.

காலி செய்தபோது முழு வீட்டுக்கும் பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்தார்கள். அந்த ஒரு சுவருக்கான செலவு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான்கு வருடத்தில் மற்ற சுவர்கள் மங்கியதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தை அதற்கப்புறம்தான் படித்தேன். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால் சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் உரிமையாளரின் பொறுப்பு. அட்வான்ஸையும், நாம் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். என் அக்ரிமென்டில் பெயிண்டிங் எங்கள் செலவு என்று ஒரு வரி இருந்தது. கையெழுத்துப் போடும்போது நான் அதைக் கவனிக்கவில்லை. இப்போதிருக்கும் வீட்டில் சாமான் இறக்கும் முன்பே ஒவ்வொரு சுவரையும் வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.

ஈஷூன், சிங்கப்பூர்

இங்கே வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். உரிமையாளர் ஒரு சீன ஆன்ட்டி. துளை போடக் கூடாது, சாம்பிராணிப் புகை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தாழ்வாரத்தில் தீயணைப்பு விதிப்படி 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பதால், வாசலில் குத்துவிளக்கு, செடி என்று பரப்பவும் முடியாது.

முதல் தீபாவளிக்கு மாவிலையை எங்கே கட்டுவது என்று யோசித்து நின்றபோது, கதவுக்கு முன்னால் இருக்கும் இரும்புக் கேட் கண்ணில் பட்டது. தேக்கா சந்தையில் வாங்கிய மாவிலையைச் சணல் கயிற்றில் கோத்து, கேட்டின் மேல்கம்பியில் கட்டினேன். விளக்குச் சரத்தையும் அதிலேயே சுற்றினேன். ரங்கோலியை ஒரு பெரிய தட்டில் போட்டு வாசலுக்கு உள்ளே வைத்தேன். வாடகை வாங்க வந்த ஆன்ட்டி அதைப் பார்த்துவிட்டு போன் எடுத்துப் படம் பிடித்தார். அடுத்த வருடம், "இலை எப்போது கட்டுவாய்?" என்று அவரே கேட்டார்.

மீண்டும் பெரம்பூர்

கேட்டில் தோரணம் கட்டுவது எனக்குத் தோன்றவே இல்லை! எங்கள் வாசலிலும் கிரில் கேட் இருக்கிறது, வரும் வெள்ளிக்கிழமையே கட்டிவிடுகிறேன். கோவைக்காரர் சொன்னதைப் படித்ததும் எங்கள் அக்ரிமென்டையும் எடுத்துப் பார்த்தேன், பெயிண்டிங் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. காலி செய்யும் நேரத்தில் வருத்தம் வராமல் இருக்க, இப்போதே எங்கள் ஹவுஸ் ஓனரிடம் உட்கார்ந்து பேசப் போகிறேன். புரட்டாசியில் கொலு வைக்க ஐந்து படி இரும்பு ஸ்டாண்டு அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே சும்மாதான் இருக்கிறதாம். அதையும் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.