‘பேசிஸ் ரிஸ்க்’: ‘அடிப்படை இடர்’ வேண்டாம், வேறு சொல் பார்ப்போம்

அனைவருக்கும் வணக்கம்.

வானிலைக் காப்பீட்டுச் சொற்பட்டியலில் ‘பேசிஸ் ரிஸ்க்’ என்பதற்கு ‘அடிப்படை இடர்’ என்று போட்டிருக்கிறோம். மற்ற சொற்களில் எனக்குப் பெரிய குறை இல்லை. வயலின் இழப்பை நேரில் அளக்காமல், மழையளவு போன்ற ஒரு குறியீட்டை வைத்துப் பணம் தருவதற்கு வைத்த ‘குறியீட்டுக் காப்பீடு’ நன்றாகவே நிற்கிறது. இதை மட்டும் இப்படியே விட மனம் வரவில்லை.

அடிப்படை இடர் என்று படித்தால் எல்லா இடர்களுக்கும் ஆதாரமானது என்றுதானே தோன்றும்? மூலச் சொல்லுக்கு அந்தப் பொருளே கிடையாது. அது பண்டச் சந்தையிலிருந்து வந்தது. ஒரு சரக்கின் இன்றைய விலைக்கும், பின்னொரு நாளில் கைமாற இன்றே பேசிவைக்கும் முன்பேர விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் அங்கே ‘பேசிஸ்’ என்று பெயர். சேர்ந்து ஏறி இறங்க வேண்டிய இரண்டு விலைகள் தனித்தனி வழியில் போய்விட்டால், முன்பேரத்தை நம்பித் தன் விலையைக் காத்துக்கொள்ள நினைத்தவருக்கு நஷ்டம் வரலாம். காப்பீட்டில், மழைமானி காட்டும் கணக்கும் வயலில் நேர்ந்த இழப்பும் அப்படிப் பிரிந்து போவதைச் சொல்கிறார்கள்.

எனக்கு இது ஏட்டுச் சொல் இல்லை. எங்கள் காடு மானாவாரிக் கரிசல். மழைமானி இருக்கும் ஊர் 14 கிலோமீட்டர் தள்ளி. ஒரு வருஷம் கார்த்திகையில், மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற நேரம். சாயங்காலம் கிழக்கே மின்னல் வெட்டியதை அப்பாவும் நானும் வரப்பில் நின்று பார்த்தோம். மண்வாசம் வந்தது, மழை வரவில்லை. மறுநாள் காலை எட்டரைக்கு அந்த மானியில் எடுத்த அளவு 41 மில்லிமீட்டர் என்று பிறகு தெரிந்தது. அந்தக் காலகட்டத்துக்கு வேண்டிய மழைக் கணக்கு ஒரே இரவில் நிறைந்துவிட்டது. எங்கள் பயிரோ தோகை சுருண்டு நின்றது, வெடிப்பில் விரல் நுழைந்தது. காப்பீட்டில் ஒரு ரூபாய்கூட வரவில்லை. அப்பா சொன்னது இதுதான்: “கணக்குல பேஞ்சிருக்கு, காட்டுல பேயலையே.”

யாரும் ஏமாற்றவில்லை, மானியும் பழுதில்லை. வயல் வயலாகப் போய் இழப்பை அளக்கும் செலவும் தாமதமும் வேண்டாம் என்றுதான் மழையளவை வைத்துப் பணம் தரும் முறையே வந்தது. மைசூர் சமஸ்தானத்தில் ஜே. எஸ். சக்கரவர்த்தி 1920இலேயே இப்படி ஒரு திட்டத்தை முன்வைத்திருக்கிறார். பிறகு 2003இல், அன்றைய ஆந்திராவின் மகபூப்நகரில் நிலக்கடலை, ஆமணக்கு விவசாயிகளிடம் இந்த வகைக் காப்பீடு வெள்ளோட்டமாக வந்தது. முறை நல்ல முறைதான். அதன் கூடவே பிறந்த குறை இது. அதனால்தான் பெயர் சரியாக இருக்க வேண்டும் என்கிறேன்.

மாற்றுச் சொல்லாக நம் குழுவில் பேராசிரியர் ஐயா ‘விலகல் இடர்’ என்றார். பொருள் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது, ஆனால் புள்ளியியலில் ‘திட்ட விலக்கம்’ பள்ளிப் பாடத்திலேயே ஊன்றிவிட்டது. மழைப் புள்ளிவிவரம் பேசும் அதே பக்கத்தில் இரண்டும் வந்தால் குழப்பம். கோவை அக்கா சொன்ன ‘பிசகு இடர்’ எனக்கு ரொம்பப் பிடித்த சொல், உயிருள்ள சொல். ஆனால் பிசகு என்றாலே யார் பிசகினார்கள் என்று கேட்கத் தோன்றும். இங்கே பிசகியவர் எவரும் இல்லை. நானும் முதலில் ‘ஈடாகா இடர்’ என்று எழுதிவைத்தேன். காப்பீடு, இழப்பீடு இரண்டிலும் உள்ள ஈடு இதிலும் வருகிறதே என்று ஆசை. அப்புறம் யோசித்தால், கொடுத்த தொகை போதவில்லை என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். இழப்பே இல்லாத வயலுக்குப் பணம் வருவதும் இதே இடரின் மறுபக்கம். அது இந்தச் சொல்லில் அடங்கவில்லை.

‘மானி இடைவெளி’ என்று சுருக்கலாமா என்றும் பார்த்தேன். கென்யாவின் மார்சபிட்டில் 2010இல் தொடங்கிய கால்நடைக் காப்பீட்டில் மானியே இல்லை. மேய்ச்சல் நிலத்தின் பசுமையைச் செயற்கைக்கோள் பார்க்கிறது, அதுதான் குறியீடு. அங்கேயும் இதே இடர் உண்டு. ஆகவே என் பரிந்துரை ‘குறியீட்டு இடைவெளி’. இடர் என்று அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘குறியீட்டு இடைவெளி இடர்’. வெறும் ‘காப்பீட்டு இடைவெளி’ ஆகாது, காப்பீடே எடுக்காதவர்களைப் பற்றிய பேச்சாகிவிடும். தூரத்தால் வருவதை இட இடைவெளி என்றும், பயிரின் வளர்ச்சியும் ஒப்பந்தத்தின் தேதிகளும் ஒட்டாமல் போவதைப் பருவ இடைவெளி என்றும் பிரிக்கலாம். இரண்டாவதைக் ‘கால இடைவெளி’ என்றால் வேறு பொருள் வந்துவிடும், அதைத் தவிர்ப்போம்.

விவசாயிக்குக் கொடுக்கும் தாளில் எப்படி வரும் என்று எழுதிப் பார்த்தேன்: “மழைமானியில் பதிவாகும் மழையும் உங்கள் வயலில் பெய்யும் மழையும் வேறுபடலாம். இந்தக் குறியீட்டு இடைவெளியால், பயிர் கருகினாலும் இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.”

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். எதுவும் விளக்கவில்லை. கேட்டுவிட்டு, “நம்ம காட்டுக்குப் பக்கத்துல ஒரு மானி வச்சா இந்த இடைவெளி எவ்வளவு குறையும்?” என்றார்.