மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்துவீடு: கதவைத் தட்டுறதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க?

இரவுப்பணிக்காரன்

அடுக்குமாடியில் குடியிருப்பவர்களிடம் ஒரு கேள்வி. பக்கத்துவீட்டால் தொல்லை என்றால் உடனே போய்ச் சொல்லிவிடுவீர்களா, இல்லை பொறுத்துப் பொறுத்து ஒருநாள் வெடிப்பீர்களா? நான் ராத்திரி வேலை பார்ப்பவன், பகலில்தான் தூக்கம். கண்ணயரும் நேரம் பார்த்துத் தலைக்கு மேலே எதையோ இழுத்துப் போடுகிற சத்தம். மேல்வீட்டில் கேட்டால், "பகல்ல வீட்டைப் பூட்டிட்டுத்தாங்க போறோம், ஆளே இருக்கமாட்டோம்" என்கிறார்கள். பொய் சொல்கிற முகமாகவும் தெரியவில்லை. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள். சத்தம்தான் என்றில்லை, எந்தத் தொல்லையாக இருந்தாலும் சரி.

தூணும் பீமும்

அவங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம் சார். நான் கட்டட வேலையில இருந்தவன், அதனால சொல்றேன். காத்துல சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். கான்கிரீட்டுல 3,000 மீட்டருக்கு மேல. ஸ்லாப்னு சொல்ற கான்கிரீட் தளம், அதைத் தாங்குற பீம், தூண் எல்லாம் ஒரே உடம்பு. ரெண்டு மாடி தள்ளி, அதுவும் கோணலா இருக்கிற ஒரு வீட்டுல தரையில விழுற அடி, தூண் வழியா இறங்கி உங்க கூரை முழுக்கப் பரவிடும். ரெண்டு காதுக்கும் சத்தம் வந்து சேர்ற வித்தியாசத்தை வெச்சுத்தான் நமக்குத் திசை தெரியுது. கூரை மொத்தமும் அதிர்ந்தா காது குழம்பிடும், "மேலேர்ந்து வருது"ன்னு மட்டும்தான் சொல்லும்.

எங்க கட்டடத்துல இதே மாதிரி ஒரு சண்டை மாசக்கணக்கா நடந்துச்சு. ரெண்டு குடும்பமும் லிஃப்டுல பார்த்தா முகத்தைத் திருப்பிக்கும். கடைசியில பார்த்தா, அடுத்த வரிசையில ஒருத்தர் வீட்டுலயே உடற்பயிற்சி பண்றார், எடைக்கட்டையைத் தரையில வெக்கிறார். அவர் பேர் அந்தச் சண்டையில ஒருதடவைகூட அடிபடலை.

நீங்க முதல்ல நேரத்தைக் குறிச்சு வையுங்க. எந்தக் கிழமை, எத்தனை மணி, எவ்வளவு நேரம்னு ஒரு வாரத்துக்கு. அப்புறம் சத்தம் வர்றப்போ தூண்லயும், வேற வேற சுவர்லயும் காதை வெச்சுப் பாருங்க. எங்க பலமா கேக்குதோ அந்தப் பக்கம்தான் தேடணும். மேல்வீட்டுக்காரங்களோட பக்கத்துவீட்டுலயும் கேளுங்க, "உங்களுக்கும் கேக்குதா?"ன்னு. குத்தம் சொல்ற மாதிரி இல்லாம விசாரிக்கிற மாதிரி கேட்டா, யாருமே முகம் சுளிக்கமாட்டாங்க.

நாங்கதான் அந்த மேல்வீடு

எல்லாரும் கீழ்வீட்டுக் கதையையே சொல்றீங்க, மேல்வீட்டுக் கதையை நான் சொல்றேன். கீழ இருக்கிற பெரியவர் துடைப்பக் கட்டையால கூரையைத் தட்டுவார். எனக்கு எதுக்குத் தட்டுறார்னே புரியாது. பசங்க ஓடினாங்களா, நான் ஏதாவது கீழ போட்டேனானு பதறுவேன். வீட்டுக்குள்ள பூனை மாதிரி நடந்தோம், அப்பவும் தட்டு விழும்.

ஒருநாள் நானே கீழ போய், "ஐயா, வாங்க ஒரு சோதனை பண்ணலாம்"னு சொன்னேன். அவர் தன் வீட்டுல போனைக் காதுல வெச்சுக்கிட்டு உக்காந்தார். நான் மேலே ஒவ்வொண்ணா செஞ்சு காட்டினேன். பசங்களை ஓடச் சொன்னேன், கதவைச் சாத்தினேன், டிவி வெச்சேன், நாற்காலியை இழுத்தேன். நாற்காலிக்குத்தான் "இதேதாம்மா, இதேதான்!"னு கத்தினார். பசங்க ஓடினது அவருக்குக் கேக்கவே செஞ்சுது, ஆனா அது பரவாயில்லையாம்! நாற்காலி கிரீச்சுதான் அவரைக் கொன்னிருக்கு.

நாற்காலிக் காலுக்கு ஒட்டுற பஞ்சுத் துண்டு வாங்காதீங்க, கொஞ்ச நாள்ல அழுக்கும் முடியும் சேர்ந்து உரிஞ்சுடும். ஆணி வெச்சு அடிக்கிற பஞ்சுத் துண்டு, இல்லைன்னா கால்ல மாட்டுற ரப்பர் குப்பி, இது ரெண்டும்தான் நிக்குது. பசங்க விளையாடுற இடத்துல கனமான விரிப்பு, அதுக்கு அடியில தடிமனான ஒரு ஃபோம். வெறும் விரிப்பைவிட அடியில இருக்கிற அந்த ஃபோம்தான் வேலை செய்யுது.

தூணும் பீமும்

அக்கா சொன்னதுல ஒரு விஷயம் முக்கியம். சத்தத்துல ரெண்டு ஜாதி. பேச்சு, டிவி, பாட்டு எல்லாம் காத்து வழியா வந்து சுவரை அசைக்கும். அதுக்குக் கனமான சுவர் வேணும், இடுக்கு சந்தெல்லாம் அடைக்கணும். நடை, நாற்காலி, பந்து இதெல்லாம் நேரா ஸ்லாபையே அடிக்கும். அதை அது பிறக்கிற இடத்துலதான், அதாவது மேல்வீட்டுத் தரையிலதான், மெத்துனு ஏதாவது போட்டு நிறுத்த முடியும். கீழ இருக்கிறவர் தன் கூரைல என்ன ஒட்டினாலும் அரைகுறைதான்.

சுவர்ல முட்டை அட்டை ஒட்டுறவங்களைப் பார்த்தா பாவமா இருக்கும். அறைக்குள்ள எதிரொலி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பக்கத்துவீட்டுச் சத்தம் அதுபாட்டுக்கு வரும்.

நள்ளிரவு டொக் டொக்

எங்களுக்கு இருந்தது வேற மாதிரி. சுத்தியலால அடிக்கிற மாதிரி 'டொக்' ஒண்ணு, கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு. பக்கத்துவீட்டுல ராத்திரி ஆணி அடிக்கிறாங்கனு நிர்வாகக் குழுவுக்கு எழுதியே கொடுத்தாச்சு. ஒரு பிளம்பர்தான் கண்டுபிடிச்சார். வாஷிங் மெஷின் தண்ணி எடுக்கிறப்போ அதுல இருக்கிற வால்வு பட்டுனு மூடும். குழாய்க்குள்ள வேகமா வந்துக்கிட்டிருந்த தண்ணி திடீர்னு முட்டி நிக்கும், அந்த அதிர்ச்சி குழாய் முழுக்க ஓடும். குழாயைச் சுவரோட பிடிச்சிருக்கிற கிளிப் தளர்ந்திருந்தா குழாயே சுவரைப் போய் அடிக்கும். மெஷின் ஒரு வீட்டுல, அடி இன்னொரு வீட்டுல!

தளர்ந்த கிளிப்பை இறுக்கி, அந்த வீட்டுக்குப் போற தண்ணி அழுத்தத்தையும் கொஞ்சம் குறைச்சதும் அடங்கிடுச்சு. இரவுப்பணி சார், உங்க மேல்வீட்டுல ஆள் இல்லைன்னாலும் குழாய்ல இப்படி நடக்கலாம், அதையும் பார்த்துடுங்க. டைமர் போட்டுட்டு வேலைக்குப் போறவங்களும் இருக்காங்க.

மெஷினே ஆடுதுன்னா, புதுசா வாங்கினப்போ பின்னாடி இருக்கிற போக்குவரத்து போல்ட்டைக் கழட்டினாங்களானு பார்க்கச் சொல்லுங்க. டிரம் ஆடாம இருக்கப் போட்டு அனுப்புறது அது. கழட்டாம ஓட்டினா ஸ்பின்ல வீடே நடுங்கும். நாலு காலும் சமமா நிக்கணும், அதுவும் முக்கியம்.

ஓதச்சுவர்

சத்தமாவது காதோடு போகும். எனக்கு வந்தது தண்ணீர். குளியலறைக்கு வெளியே கூரையில் தட்டு அளவுக்கு ஒரு ஈரத் திட்டு, ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்து பெயின்ட் உரிந்தது. மேல்வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "எங்க பாத்ரூம் இதுக்கு நேரா மேலே இல்லையே" என்று கை விரித்துவிட்டார். அவர் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. தண்ணீர் ஸ்லாபுக்குள் நுழைகிற இடம் ஒன்று, கம்பி வழியாகவோ விரிசல் வழியாகவோ ஓடி வெளியே வருகிற இடம் இன்னொன்று. சில அடி தள்ளிக்கூட வரும்.

சண்டை போடுவதற்குப் பதில் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்தோம். விவரமாகவே எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் மீட்டர். மேல்வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, தண்ணீர் மீட்டர் முள் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். அசைந்தால் அழுத்தத்தில் இருக்கிற குழாயில் ஓட்டை இருக்கலாம். இந்த வகைக் கசிவு ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரவு பகலாகச் சொட்டும். எங்களுக்கு முள் அசையவில்லை.

அடுத்து ஃப்ளஷ் டேங்கில் சாயம் கலந்து விட்டோம். ஃப்ளஷ் செய்யாமலே கோப்பைக்குள் நிறம் இறங்கினால் உள்ளே வால்வு ஒழுகுகிறது என்று அர்த்தம். அது தண்ணீர் வீண்தானே தவிர, கீழ்வீட்டுக் கூரைக்கு அது காரணமில்லை. ஃப்ளஷ் செய்தபின் கீழே கூரையில் நிறம் வந்தால்தான் கழிவுக்குழாய் இணைப்பைச் சந்தேகிக்கணும். எங்களுக்கு வரவில்லை.

கடைசியாகக் குளம் கட்டும் சோதனை. குளியலறை ஃப்ளோர் ட்ராப்பை, அதாவது தரையில் தண்ணீர் வடிகிற வாயை, இறுக்கமாக அடைத்து, தரையில் ரெண்டு மூணு சென்டிமீட்டர் தண்ணீர் நிறுத்தி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து, 24 மணி நேரம் அப்படியே விட வேண்டும். அந்த ஒருநாள் அவர்கள் இன்னொரு குளியலறையைப் பயன்படுத்திக்கொண்டார்கள், அதற்கே நான் அவர்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். மறுநாள் மட்டம் நன்றாகவே இறங்கியிருந்தது, என் கூரைத் திட்டும் கருத்திருந்தது. தரைக்கடியில் இருந்த வாட்டர்ப்ரூஃபிங் போய்விட்டது என்று அப்போதுதான் இருவருமே ஒப்புக்கொண்டோம்.

இதில் பலர் ஏமாறுவது கிரௌட் விஷயத்தில். டைல்ஸ் இடுக்கில் புதிதாக கிரௌட் அடைத்தால் போதும் என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு போவார்கள். கிரௌட் தண்ணீரைத் தடுக்கிற பொருளே இல்லை, தடுக்க வேண்டியது டைல்ஸுக்கு அடியில் இருக்கிற படலம். அது போனால் டைல்ஸைப் பெயர்த்துத்தான் ஆகணும். செலவை யார் ஏற்பது என்று பேசுவதற்குள் படம் எடுத்து, தேதி போட்டு, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். நட்பாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.

கீழ்வீட்டுக்காரர்களுக்கு: மேலே சரிசெய்த மறுநாளே பெயின்ட் அடிக்காதீர்கள். ஸ்லாப் முழுசாகக் காய வாரக்கணக்கில் ஆகும். நான் தொட்டுப் பார்த்துத் தொட்டுப் பார்த்துப் பொறுத்தேன்.

சாக்கடை நாத்தம்

எங்க வீட்டுல புழங்காத குளியலறை ஒண்ணு, யாரும் போறதில்லை. அங்கிருந்து கெட்ட வாடை. பக்கத்துவீட்டுக்காரர் ஏதோ ஊத்துறார்னு என் வீட்டுக்காரர் ஒரே பேச்சு. ஓதச்சுவர் சார் சொன்னாரே ஃப்ளோர் ட்ராப், அதுதான் இதுக்கும் காரணம். அதுக்குள்ள இருக்கிற வளைவுல எப்பவும் ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் தண்ணி நிக்கணும். அந்தத் தண்ணிதான் குழாய்க் காத்தை உள்ள விடாம மறிக்குது. புழங்காத இடத்துல அது வத்திப் போயிடும். வாரம் ஒருதடவை ஒரு குவளை தண்ணி ஊத்தினேன், வாடையே இல்லை. வெளியூர் போறப்போ மேல கொஞ்சம் எண்ணெய் விட்டுட்டுப் போனா சீக்கிரம் வத்தாது.

சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. 2003-ல் ஹாங்காங்ல அமோய் கார்டன்ஸ்ங்கிற குடியிருப்புல சார்ஸ்ங்கிற மூச்சு நோய் பரவி 300 பேருக்கு மேல நோய் வந்துச்சு. காய்ஞ்சு போன தரை ட்ராப்புகள் வழியா நோய்க்கிருமி வீட்டுக்கு வீடு போயிருக்கும்னு விசாரணையில சொன்னாங்க.

குரைக்கும் தம்பி

நாய்த் தொல்லை யாரும் எழுதலையே? பக்கத்துவீட்டு நாய் காலைல தொடங்கி சாயங்காலம் வரை ஊளையிடும். உரிமையாளர் வந்ததும் கப்சிப். அவர் எங்க நம்புவார்? சண்டைக்குப் போகாம போன்ல பதிவு பண்ணி, அவருக்கு மட்டும் தனியா அனுப்பினேன். அவர் கண்கலங்கிட்டார். தனியா இருக்கப் பயந்து அழுதிருக்கு, அவருக்குத் தெரியவே இல்லை. இப்போ மதியம் ஒருத்தர் வந்து நடக்கக் கூட்டிட்டுப் போறார்.

இரவுப்பணிக்காரன்

வாட்ஸ்அப் குழுவில் போடலாமா? எங்கள் குழுவில் எல்லாரும் இருக்கிறார்கள்.

நாங்கதான் அந்த மேல்வீடு

வேண்டவே வேண்டாம் தம்பி. நூறு பேர் முன்னாடி பேர் சொல்லாம "சிலர்"னு எழுதினா, அந்தச் சிலர் யாருன்னு எல்லாருக்கும் தெரியும். அப்புறம் அவங்க எதையும் ஒத்துக்கமாட்டாங்க. நேர்ல போங்க, அதுவும் சத்தம் கேக்கிற அந்த நேரத்துல கோபத்தோட போகாதீங்க. மறுநாள் போங்க.

தூணும் பீமும்

டெசிபல் ஆப் காட்டிச் சண்டை போடுறதும் வேணாம். போன் மைக் பேச்சுக்காகச் செஞ்சது, 'தும் தும்'னு வர்ற அடித்தொனியைச் சரியா அளக்காது. படுக்கையறைக்குள்ள ராத்திரி தொடர்ந்து வர்ற சத்தம் 30 டெசிபலைத் தாண்டாம இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனத்தோட 1999 வழிகாட்டுதல் சொல்லுது. 10 டெசிபல் ஏறினா காதுக்கு ரெண்டு மடங்கு மாதிரி தெரியும். அதனால போன்ல 38-னு காட்டுதா 41-னு காட்டுதானு வாதாடுறதுல பிரயோஜனமில்லை. உங்க நேரக்குறிப்பு நோட்டுக்குத்தான் மதிப்பு.

புது ஆள்

நான் இன்னிக்குத்தான் படிச்சேன். எங்க மாடியில எங்கேயோ ஒரு 'கீச்', நிமிஷத்துக்கு ஒண்ணு, விடியக்காலையில அதிகம். யார் வீட்டுப் பறவைன்னே தெரியலை.

நள்ளிரவு டொக் டொக்

பறவை இல்லைங்க, புகை எச்சரிக்கைக் கருவி. பேட்டரி தீரப் போறப்போ அப்படித்தான் கீச்சிடும். விடியக்காலை குளிர்ல பேட்டரி இன்னும் தளரும், அதான் அந்த நேரத்துல அதிகம். பூட்டிக் கிடக்கிற வீடு ஏதாவது இருந்தா அங்கதான் முதல்ல பாருங்க. வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, சாவி யாரிடம் இருக்குன்னு கேளுங்க. பேட்டரி மாத்த அஞ்சு நிமிஷம்.