ஒரே நோய், மூன்று மொழி: எல்லையோரத்தில் ஆங்கிலப் பெயர்களைக் கற்ற அனுபவங்கள்

வேலந்தாவளம், மருந்துக்கடைப் பணியாளர்:

கோவை மாவட்டமும் பாலக்காடு மாவட்டமும் தொட்டுக்கொள்ளும் வேலந்தாவளத்தில், ஒரு மருந்துக்கடையில் 19 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு வரை படித்த எனக்கு நோய்களின் ஆங்கிலப் பெயர்கள் பாடப்புத்தகத்திலிருந்து வரவில்லை. வாடிக்கையாளர்கள் நீட்டிய ஓ.பி. சீட்டுகளிலிருந்தும், அவற்றை நான் தவறாகப் படித்து வெட்கப்பட்டதிலிருந்தும்தான் வந்தன.

தொடக்கத்தில் என்னைக் குழப்பியவை நீளமான பெயர்கள் அல்ல, சுருக்கங்களே. சீட்டின் முதல் வரியில் 'சி' என்ற எழுத்தும், ஒரு சாய்கோடும், 'ஓ' என்ற எழுத்தும் இருக்கும். கடித உறையில் 'கேர் ஆஃப்' என்று எழுதுவதை மட்டுமே அறிந்திருந்த நான், நோயாளியை அழைத்து வந்தவரைக் குறிக்கிறார்கள் போலும் என்று ஆறு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். அது 'கம்ப்ளெயின்ட்ஸ் ஆஃப்', அதாவது நோயாளி தன் வாயால் சொன்ன தொந்தரவு என்பதை மருந்து நிறுவனப் பிரதிநிதி ஒருவர்தான் சிரித்துக்கொண்டே விளக்கினார். இன்னொரு முறை, வாந்தியும் வயிற்றுப்போக்குமாக வந்த பெரியவரின் சீட்டில் 'ஏ, ஜி, இ' என்ற மூன்று எழுத்துகள் மட்டும் இருந்தன. 'ஏஜ்' என்று படித்துவிட்டு, "டாக்டர் வயசு போட மறந்துட்டாருங்க" என்று அவரிடமே சொன்னேன். அக்யூட் கேஸ்ட்ரோஎன்டரைட்டிஸ் என்பதன் சுருக்கம் அது. அந்தச் சொல்லின் வாலில் தொங்கும் 'ஐட்டிஸ்' அழற்சியைக் குறிக்கும் என்று தெரிந்த நாளில், டான்சிலைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸ், ஹெபடைட்டிஸ் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன.

மலையாளத்தில் 'பனி' என்றால் காய்ச்சல் என்பதை வைத்து எல்லையோரத்தில் சொல்லப்படும் வேடிக்கைக் கதைகள் ஏராளம். மார்கழியில் பனி இல்லாமல் இருக்குமா என்று பாட்டி மருத்துவரைத் திருப்பிக் கேட்ட கதை இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. அதனால் யாருக்கும் தீங்கு வந்ததில்லை. எனக்குப் பயமாக இருப்பது 'முறிவு' என்ற சொல்தான். மலையாளத்தில் அது வெட்டுக்காயம். எலும்பு உடைவதை அவர்கள் 'ஒடிவு' என்பார்கள். சைக்கிளிலிருந்து விழுந்த ஒரு பையனைப் பற்றி, பக்கத்து வீட்டு மலையாளி அம்மா அவன் தந்தைக்குத் தொலைபேசியில் கையில் முறிவு என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தந்தை எங்கள் கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, எலும்புக்குக் கட்டுக் கட்டும் வைத்தியரின் வீடு எங்கே என்று விசாரித்தார். பின்னால் அமர்ந்திருந்த பையனின் கையில் சுற்றியிருந்த துண்டு நனைந்து இரத்தம் சொட்டியது. 'ஃப்ராக்சர்' அல்ல, 'ஊண்டு', தையல் போட வேண்டும், டி.டி. ஊசியும் போட வேண்டும் என்று ஆங்கிலச் சொற்களைக் கொண்டே அவருக்குப் புரியவைத்தேன். இரண்டு மொழிகளும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இருவேறு பொருள் சொல்லும் இடத்தில், இருவருக்கும் சொந்தமில்லாத மூன்றாவது சொல் உதவுகிறது என்பதை அன்றுதான் நன்றாக உணர்ந்தேன்.

'வலிவு' என்பதும் அத்தகையதே. மலையாளத்தில் அது மூச்சிரைப்பு. நம்மவர் காதில் அது 'வலிப்பு' என்று விழுந்துவிட்டால், குழந்தைக்கு ஃபிட்ஸ் வந்ததாகக் கதை மாறிவிடும். இப்போது எல்லையின் இரண்டு பக்கத்திலும் தாய்மார்கள் 'வீசிங்' என்றே சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆங்கில மோகம் என்று அதை இகழ எனக்கு மனம் வருவதில்லை.

உங்களுக்கு இப்படி நேர்ந்தவற்றை எழுதுங்கள்.

சித்தூர் (பாலக்காடு), செவிலியர், இப்போது இங்கிலாந்தில்:

அண்ணா எழுதிய மூன்றாவது சொல் எனக்கும் உதவியிருக்கிறது, ஆனால் அதே சொல் என்னை ஏமாற்றியும் இருக்கிறது. கோவையில் பயிற்சிச் செவிலியராக இருந்தபோது, காலையில் எழுந்தவுடன் மயக்கம் வருவதாக ஒரு பாட்டி சொன்னார். மொழிபெயர்ப்பதில் எனக்கிருந்த ஆர்வத்தில், 'அன்கான்ஷியஸ்' என்று குறிப்பில் எழுதிவிட்டேன். தலையில் அடிபட்டதா, எத்தனை நிமிடம் நினைவு தவறியது, நாக்கைக் கடித்துக்கொண்டாரா என்று கேள்விகள் அடுக்கடுக்காக வந்தன; ஸ்கேன் எடுப்பதைப் பற்றிக்கூடப் பேசத் தொடங்கிவிட்டார்கள். பாட்டிக்கு வந்தது வெறும் தலைசுற்றல். படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது இரத்த அழுத்தம் இறங்கியதால் வந்த 'கிடினஸ்' அது. நம் மயக்கம் என்ற ஒரு சொல்லுக்குள் கிறுகிறுப்பும், நினைவிழப்பும், அறுவைக்கு முன் கொடுக்கும் மருந்தின் விளைவும், சிலர் வாயில் குமட்டலும்கூட அடங்கிவிடுகின்றன. ஆங்கிலத்தில் இவை நான்கும் நான்கு வீடுகளில் குடியிருக்கின்றன. எந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பதை நோயாளியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: விழுந்தீர்களா, சுற்றி இருந்தவர்கள் பேசியது காதில் விழுந்ததா, அறை சுற்றியதா, வாந்தி வந்ததா?

வெளிநாட்டு வேலைக்காக, மருத்துவப் பணியாளர்களுக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி. எழுதினேன். அதன் பேச்சுப் பகுதியில் நோயாளியாக நடிப்பவரோடு ஐந்தைந்து நிமிடங்கள் இரண்டு முறை உரையாட வேண்டும். ஹைப்பர்டென்ஷன் (உயர் இரத்த அழுத்தம்), மையோகார்டியல் இன்ஃபார்க்ஷன் (மாரடைப்பு) என்று அருமையாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். பயிற்சி கொடுத்த அக்காவோ, இந்தப் பெரிய சொற்களை நோயாளியிடம் பயன்படுத்தினால் மதிப்பெண் குறையும், 'ஹை பிளட் பிரஷர்' என்று சொல் என்றார். அந்த 'ஹை' எனக்குப் பெரிய பாடம். "எனக்கு பி.பி. இருக்குது" என்று நம் ஊரில் சொல்வதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால், அது எல்லோருக்கும் இருக்கிறதே என்று கேட்பவர் விழிப்பார். சுகரும் அப்படித்தான்.

இங்கே வந்து சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு முதியவர், 'ஐ ஃபீல் சிக்' என்றார். சிக் லீவ் எழுதிப் பழகிய நான், உடம்பு சரியில்லை என்கிறார் என்று எடுத்துக்கொண்டு வெப்பமானியை எடுக்கத் திரும்பினேன். திரும்பி வருவதற்குள் போர்வை முழுவதும் வாந்தி. பிரிட்டனில் அந்தச் சொற்றொடர் பெரும்பாலும் குமட்டலைக் குறிக்கும். 'பூர்லி' என்றால்தான் உடல்நலமின்மை. நம் 'லூஸ் மோஷன்' இங்கே எல்லோருக்கும் புரிவதில்லை. மலம் கழித்தீர்களா என்பதற்கு 'பவல்ஸ்' திறந்தனவா என்று கேட்பது வழக்கம். சிறுநீர்த் தொந்தரவை 'வாட்டர்வொர்க்ஸ்' என்று ஒரு பாட்டி கூச்சத்தோடு சொன்னபோது, வீட்டுக் குழாய் பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். ஒன்றுக்கு, இரண்டுக்கு என்று நாம் எண்ணால் மறைப்பதை அவர்கள் குழாயால் மறைக்கிறார்கள்.

கொழிஞ்சாம்பாறை, காசநோய்த் திட்டத் தன்னார்வலர்:

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருப்பவர்களிடம் சிறு டப்பாவைக் கொடுத்து 'ஸ்பூட்டம்' எடுத்து வரச் சொல்வோம். சளி என்றால் சிலர் மூக்கைச் சிந்திக் கொண்டுவருவார்கள், 'துப்பிக் கொடுங்கள்' என்றால் வெறும் எச்சிலைக் கொண்டுவருவார்கள். இப்போது ஆங்கிலச் சொல்லையும் விட்டுவிட்டேன், தமிழ்ச் சொல்லையும் தனியாகச் சொல்வதில்லை. "காலைல எந்திரிச்சதும் வாய் கொப்புளிச்சுட்டு, ஆழமா மூச்சு இழுத்து, நெஞ்சுக்குள்ள இருந்து காறித் துப்புங்க" என்று செய்துகாட்டுகிறேன்.

கோபாலபுரம் (பொள்ளாச்சி வட்டம்), ஓய்வுபெற்ற ஆசிரியர்:

எங்கள் பள்ளியில் அம்மை என்று விடுப்புக் கடிதம் வந்தால், வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் 'சிக்கன் பாக்ஸ்' என்று எழுதிவிடுவது என் வழக்கம். சின்னம்மைக்கு அது சரி. தட்டம்மைக்கு 'மீசில்ஸ்' என்றும், கன்னம் வீங்கும் புட்டாளம்மைக்கு 'மம்ப்ஸ்' என்றும் வேறு வேறு பெயர்கள் உண்டு என்பதை, பதிவேட்டைப் பார்க்க வந்த சுகாதார ஆய்வாளர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். மூன்றும் மூன்று வைரஸ்கள். தட்டம்மைக்கு அரசு தடுப்பூசி போடுகிறது. எனவே வகுப்பில் ஒரு குழந்தைக்கு அது வந்தாலும் மற்றக் குழந்தைகள் ஊசி போட்டுக்கொண்டார்களா என்று அவர்கள் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் எழுதிய ஒரு பெயர் அந்த வேலையையே மறைத்துவிட்டது. எல்லையைத் தாண்டி வரும் பிள்ளைகளின் கடிதங்களில் 'அஞ்சாம்பனி' என்றிருக்கும். ஐந்து நாள் காய்ச்சல் என்று நான் பொருள் கொண்டிருந்தேன், அதுவும் மீசில்ஸ்தான். இவை எல்லாவற்றையும் நாம் அம்மன் பெயரில் ஒரே குடும்பமாக வைத்திருப்பதால் வந்த வினை இது. வேப்பிலைக்கு வைரஸ் வேறுபாடு தெரியாது.

இதைவிட நான் மறக்க முடியாதது என் அத்தைக்கு வந்த அக்கி. இடுப்பின் ஒரு பக்கமாகக் கொப்புளங்கள் வரிசையாக எழும்பின. வழக்கப்படி குயவர் வீட்டில் காவி குழைத்து அக்கி எழுதினார்கள். ஆறாம் நாள் எரிச்சல் தாங்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் சீட்டில் 'ஹெர்பிஸ் சாஸ்டர்' என்று எழுதினார். அத்தையின் மகன் முதல் சொல்லை மட்டும் கைபேசியில் தேடிப் படித்துவிட்டு, முகம் கறுத்து, இரண்டு நாள் வீட்டில் யாரோடும் பேசவில்லை. அவன் படித்தது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வேறொரு வைரஸைப் பற்றி. அத்தைக்கு வந்ததோ, சிறு வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து முதுமையில் தலைதூக்கியது. ஆங்கிலப் பேச்சுவழக்கில் அதற்கு 'ஷிங்கிள்ஸ்' என்று பெயர். இடுப்புக் கச்சையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்று அகராதியில் படித்தபோது, அத்தையின் இடுப்பைத்தான் நினைத்துக்கொண்டேன். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும் என்று மருத்துவர் சொன்னார். நாங்கள் அந்த மூன்று நாட்களைக் காவியில் கழித்திருந்தோம்.

குப்பம் (ஆந்திரம்), கட்டடத் தொழிலாளர்:

எங்கள் பக்கம் தெலுங்கோடு இந்தச் சிக்கல். என் மனைவி வயிற்றுக் கடுப்பு என்று சொன்னார். தெலுங்கில் 'கடுப்பு' என்றால் வயிறு என்பதால், செவிலியர் 'ஸ்டமக் பெயின்' என்று மட்டும் எழுதினார். இரத்தமும் சீதமும் போனதை யாரும் கேட்கவில்லை, நாங்களும் கூச்சத்தில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வேறு மருத்துவர்தான் 'டிசென்ட்ரி' என்றார்.

வேலந்தாவளம், மருந்துக்கடைப் பணியாளர்:

எல்லோருக்கும் நன்றி. சித்தூர் அம்மிணி சொன்னது உண்மைதான். ஆங்கிலச் சொல்லைப் பாதி கேட்டால் அதுவும் முறிவுபோல இரண்டு பொருள் தரும். சென்ற வாரம் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். எழுதிய சீட்டு இல்லாமல் மருந்து தர மாட்டோம் என்றாலும், ஒரு பெண் வீட்டிலிருந்தே தொலைபேசியில், தன் அம்மாவின் மருத்துவமனைச் சுருக்கக் குறிப்பைப் பார்த்துத் தைராய்டு மாத்திரை இருக்கிறதா என்று கேட்டார். ஹைப்பரா, ஹைப்போவா என்று கேட்டேன். இரண்டும் தொலைபேசியில் ஏறக்குறைய ஒன்றாகத்தான் ஒலிக்கின்றன. ஒன்று சுரப்பி கூடுதலாக வேலை செய்வது, மற்றது குறைவாக வேலை செய்வது; ஒன்றுக்குத் தரும் மாத்திரையை மற்றதற்குத் தந்தால் நோய் முற்றும். அவர் மூன்று முறை சொல்லியும் எனக்குத் தெளிவாகவில்லை. 'தைராய்டு' என்ற சொல் தொடங்குவதற்கு முன்னால் உள்ள எழுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சிறிது நேரம் காகிதம் புரளும் ஓசை கேட்டது.

"வட்டமாத்தானுங்ணா இருக்குது."

சரி, சீட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றேன்.