முப்பந்தல் காற்றும் காரின் பிடிப்பும்

நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு போகிறவர்களுக்கு ஆனி, ஆடிக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வரும் காற்று, முப்பந்தல் காற்றாலைகள் பக்கம் வண்டியின் இடது பக்கத்தில் அறையும்.

முன்பு எங்களிடம் இருந்தது சின்ன வேன். முன்சீட்டுக்கு அடியில் இன்ஜின், பின்சக்கர டிரைவ். பின்னால் மட்டி வாழைக்குலை ஏற்றிய நாளில் 70-ஐத் தாண்டினாலே மூக்கு வலப்பக்கம் ஓடும். ஸ்டீயரிங்கை லேசாக இடது பக்கம் பிடித்தபடிதான் ஓட்ட வேண்டும். இப்போது வைத்திருப்பது முன்சக்கர டிரைவ் ஹேட்ச்பேக். அதே காற்றில் வண்டி முழுசாகக் கொஞ்சம் நகரும், மூக்கு அவ்வளவாகத் திரும்பாது.

முன்சக்கரம் இழுப்பதால்தான் நேராகப் போகிறது என்று பலர் சொல்கிறார்கள். என் கணக்கில் எடைதான் பெரிய காரணம். பக்கக் காற்றின் தள்ளு பெரும்பாலும் வண்டியின் நடுவுக்கு முன்னால் விழும். இன்ஜினும் கியர்பாக்ஸும் முன்னால் உள்ள காரில் ஏறக்குறைய 60 சதவீத எடை முன்சக்கரங்களில் இருக்கும். எடையின் மையமும் காற்று தள்ளும் இடமும் கிட்டக்கிட்ட இருப்பதால் திருப்பும் விசை குறைவு. பின்னால் சுமை ஏற ஏற அந்த இடைவெளி கூடும்.

லாரியை முந்தும்போதுதான் உண்மையான சோதனை. லாரி காற்றை மறைத்ததும், இடது பக்கம் பிடித்திருந்த ஸ்டீயரிங் நம்மை லாரிப் பக்கமே கொண்டுபோகும். சட்டென்று நேராக்க வேண்டும். லாரியின் மூக்கைத் தாண்டியதும் காற்று மொத்தமாக அடித்து வலப்பக்கம் தள்ளும்.

நாலு சக்கர டிரைவ் இருந்தால் பயமில்லை என்பவர்கள் ஆடி (Audi) கார் நிறுவனத்தின் டிடி (TT) காரைப் பார்க்கலாம். 1998-ல் வந்த அந்த இரண்டு கதவு கூபே, ஜெர்மனியில் அதிவேகத்தில் பின்பக்கப் பிடிப்பு விட்டு விபத்துகளில் சிக்கியது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்கு. வளைந்த கூரைமேல் ஓடும் காற்று பின்பக்கத்தைத் தூக்கிவிடும். அப்புறம்தான் பின்பக்கத்தைக் கீழே அழுத்த உதவும் ஸ்பாய்லரும், வண்டி சறுக்கும்போது தானாகப் பிரேக் பிடித்து நிலைப்படுத்தும் இஎஸ்பியும் வைத்து, சஸ்பென்ஷனையும் மாற்றினார்கள். குவாட்ரோ என்ற நாலு சக்கர டிரைவ் வண்டிகளுக்கும் சேர்த்துத்தான்.

காற்று அடித்ததும் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். எடை முன்னால் சாய்ந்து பின்சக்கரம் லேசாகிவிடும். சாரல் விழுந்த ரோட்டில் அது ஆபத்து. ஆக்சிலரேட்டரை மெதுவாக விட்டாலே போதும். மேலே கேரியரில் சாமான் கட்டி இந்த வழியில் ஓட்டியவர்கள் இருந்தால், வண்டி எப்படி நடந்துகொண்டது என்று எழுதுங்கள்.