ஆஸ்துமா பிரிவென்டரைக் குறைக்கலாமா, நிறுத்தியே விடலாமா?

தென்றல்:
ஆறு மாதமாக இளைப்பில்லை, இரவு இருமலும் இல்லை என்றால் பிரிவென்டர் எனும் தடுப்பு ஸ்டீராய்டு இன்ஹேலரைக் காலையும் மாலையும் இரண்டு பஃப் இழுப்பது எதற்கு? தூசியை ஒழித்து, மூச்சுப் பயிற்சி செய்து, இளைப்பு வரும்போது இழுக்கும் ரிலீவரை மட்டும் பையில் வைத்திருந்தால் போதும் என்பது என் கட்சி. மருந்தென்ன ஆயுள் சந்தாவா?

சுவாசம்72:
இளைப்பு இல்லாததே அந்த இரண்டு பஃப்பால் இருக்கலாமே! குறைப்பதில் சண்டையில்லை, ஆனால் ஒரேயடியாக நிறுத்தவே கூடாது. "ரிலீவர் மட்டும்" என்பதைத்தான் மறுக்கிறேன். ரிலீவரில் இருக்கும் சல்பூட்டமால் இறுகிய மூச்சுக்குழாயைத் தளர்த்தும், உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. அதனால்தான் சல்பூட்டமாலை மட்டும் நம்பிக் காலம் தள்ள வேண்டாம் என்று ஜினா (உலகளாவிய ஆஸ்துமா அமைப்பு) வழிகாட்டுதல் 2019 முதல் சொல்கிறது. வருடத்துக்கு மூன்று டப்பா (ஒவ்வொன்றும் 200 பஃப்) காலியாகிறது என்றாலே கடும் தாக்குதலுக்கான ஆபத்து கூடிவிட்டது.

குறைக்க ஒரு முறை இருக்கிறது. முதலில் 3 மாதமாவது நோய் கட்டுக்குள் இருக்க வேண்டும். அதாவது, கடைசி 4 வாரத்தில் பகல் தொந்தரவும் ரிலீவர் தேவையும் வாரத்துக்கு இரண்டு முறையைத் தாண்டக் கூடாது. இளைப்பால் ஒரு இரவுகூட விழித்திருக்கக் கூடாது. வேலை தடைபடக் கூடாது. அப்புறம் மருத்துவரிடம் பேசி ஸ்டீராய்டு அளவில் 25 முதல் 50 சதவீதம் குறைத்து, மறுபடி 3 மாதம் கவனிக்க வேண்டும். சளி பிடித்திருக்கும்போதும் கர்ப்ப காலத்திலும் இந்தப் பரீட்சை வேண்டாம்.

தென்றல்:
ஏற்றுகிற வேகம் இறக்குவதில் இருப்பதில்லையே, அதுதான் என் ஆத்திரம். தூண்டும் காரணத்தையும் யாரும் தேடுவதில்லை. விரிப்பு, தலையணை உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, மெத்தைக்குப் பூச்சி புகாத உறை போட்டு, அறை ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் தூசிப் பூச்சி குறையாதா?

சுவாசம்72:
பூச்சி குறையும். ஆனால் உறை மட்டும் மாற்றினால் ஆஸ்துமாவில் பெரிதாக எதுவும் மாறாது. பூனை முடியோ பூஞ்சையோ காரணமாக இருந்தால் மெத்தை உறை வெட்டிச் செலவு. தோல் குத்துப் பரிசோதனை செய்து எதிரி யாரென்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். மூச்சுப் பயிற்சியும் அப்படித்தான்: தொந்தரவு உணர்வைக் குறைக்கும், அழற்சியைக் குறைக்காது.

பஃப்கணக்கு:
இருவரும் மருந்து போய்ச் சேருகிறதா என்றே கேட்கவில்லை. ஸ்ப்ரே வகையை மெதுவாக உறிஞ்சி 10 விநாடி மூச்சை அடக்க வேண்டும். பொடி வகையை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். இதை மாற்றிச் செய்பவருக்கு மருந்து பாதி தொண்டையில் தங்கும், குரல் கம்மும், வாயில் வெண்படலம் வரும். "மருந்து கேட்கவில்லை" என்று அளவு ஏறுவது இப்படியும்தான். ஸ்ப்ரேயோடு பொருத்தும் குழலான ஸ்பேசரைச் சோப்பு நீரில் கழுவித் துடைக்காமல் காயவிடுங்கள்; துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். மூக்கு ஒவ்வாமை இருந்தால் அதற்கும் வைத்தியம் பாருங்கள். மூக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை நடுச்சுவரில் அடிக்காமல் வெளிப்பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும்.

தென்றல்:
சரி, தினசரிக்கு விடுதலை கிடைக்கும் வழி ஒன்று இருக்கிறதே: தேவைப்படும்போது மட்டும் புடசொனைடும் (ஸ்டீராய்டு) ஃபார்மோட்டெராலும் (மூச்சுக்குழாயை விரைவில் தளர்த்துவது) சேர்ந்த இன்ஹேலர். 2018இல் வந்த சிக்மா ஆய்வுகளில், தினமும் புடசொனைட் எடுத்தவர்களுக்கு வந்த அளவுக்குத்தான் தேவைக்கு மட்டும் இதை எடுத்தவர்களுக்கும் கடும் தாக்குதல் வந்தது. உள்ளே போன ஸ்டீராய்டோ கால்பங்குக்கு மேல் இல்லை.

சுவாசம்72:
அங்கேதான் நாம் சந்திக்கிறோம், ஆனால் அது லேசான ஆஸ்துமாவுக்கு. அதே ஆய்வில் அன்றாடத் தொந்தரவைத் தினசரி மருந்துதான் கொஞ்சம் நன்றாக அடக்கியது. மூச்சுக்குழாயைத் தளர்த்தும் இன்னொரு மருந்தான சால்மெட்டெரால் கலந்ததை இப்படிப் பயன்படுத்தக் கூடாது, அது வேலை செய்யத் தாமதமாகும். முன்பு தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போனவர்கள் இதைத் தாங்களாக முயலவே வேண்டாம்.

பஃப்கணக்கு:
குறைக்கும் முன் இரண்டு வாரம் காலையும் மாலையும் பீக் ஃப்ளோ (ஊதும் வேகத்தை அளக்கும் கருவி) ஊதி, உச்ச அளவைக் குறித்து வையுங்கள். உச்சம் 400 என்றால், குறைத்தபின் 320க்குக் கீழே (உச்சத்தில் 80 சதவீதம்) இறங்கினாலோ இரவில் இருமி எழுந்தாலோ, மருத்துவரிடம் சொல்லிப் பழைய அளவுக்கே திரும்ப வேண்டும்.

தென்றல்:
320 கணக்கை ஏற்கிறேன். "நிறுத்தவே கூடாது" என்பதை இன்னும் ஏற்கவில்லை.