டிஆர்எல் ஒரு பக்கம் மங்குகிறது: முழு ஹெட்லைட்டையே மாற்றத்தான் வேண்டுமா?

கடலோரத்_தெரு (திருவொற்றியூர்):

வணக்கம். கடலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு, கார் நிற்பதும் தெருவில்தான், ஷெட் கிடையாது. ஐந்து வருடம் ஆன ஹேட்ச்பேக், ஹெட்லைட்டுக்குள்ளேயே எல்இடி டிஆர்எல் (பகலிலும் தானாக எரிகிற வெள்ளை விளக்கு) பட்டை வைத்து வருகிற மாடல். கொஞ்ச நாளாக இடது பக்கப் பட்டை வலதை விட மங்கலாக எரிகிறது. காலையில் வண்டி எடுத்ததும் துடிக்கும், சில நாள் காலடிப்பேட்டை தாண்டுவதற்குள் தானாகச் சரியாகிவிடும், சில நாள் பட்டென்று அணைந்தே போகும். லென்ஸுக்குள் லேசாகப் பனி படிந்த மாதிரி இருக்கிறது. அப்புறம், இடது இண்டிகேட்டர் போட்டால் அந்தப் பக்க டிஆர்எல் சுத்தமாக அணைகிறது, இதுவும் அதே கோளாறா?

சர்வீஸ் சென்டரில் பானெட்டைக்கூடத் திறக்காமல் "டிஆர்எல் தனியா வராது சார், முழு அசெம்பிளிதான்" என்றார்கள். விலையைக் கேட்டதும் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வீட்டிலோ "பட்டப்பகலில் எதுக்கு லைட்டு, பேட்டரிதான் தீரும், பிடுங்கிப் போடுங்க" என்கிறார்கள். யாராவது விவரம் சொல்லுங்கள்.

பழைய_வயர்மேன் (தண்டையார்பேட்டை):

இண்டிகேட்டர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், அது கோளாறே இல்லை. பளீரென்ற வெள்ளைக்கு ஒட்டி மஞ்சள் சிமிட்டினால் எதிரே வருகிறவன் கண்ணுக்கு அது தெரியாது, அதனால் அந்தப் பக்க டிஆர்எல்லை அணைக்கிற மாதிரியோ மங்க வைக்கிற மாதிரியோ நிறைய வண்டிகளில் கம்பெனியிலேயே வைத்திருக்கிறார்கள். பார்க் லைட், ஹெட்லைட் போட்டதும் டிஆர்எல் மங்குவதும் அப்படித்தான். போன் கேமராவில் பார்த்தால் துடிக்கிற மாதிரி தெரிவதையும் நம்பாதீர்கள், பல வண்டிகளில் எல்இடியை வேகமாக அணைத்து அணைத்து எரித்துத்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறார்கள். கண்ணுக்கே துடித்தால் மட்டும்தான் கவலை.

உங்களுக்குக் கண்ணுக்கே தெரிகிறது, அதுவும் காலையில் அதிகம், ஓடினால் சரியாகிறது. எல்இடி செத்திருந்தால் இப்படிப் போய்ப் போய் வராது பெரும்பாலும். கடல் காற்று படுகிற வண்டி என்றால் என் சந்தேகம் முதலில் கப்ளர் (வயரை விளக்கோடு சேர்க்கிற பிளக்) மேலும் எர்த் (கரண்ட் பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புகிற இணைப்பு) மேலும்தான். ராத்திரி பனியில் உப்பு ஈரம் இழுத்துக்கொள்ளும், தொடர்பு கெடும், இன்ஜின் சூட்டில் காய்ந்ததும் திரும்ப வரும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஹெட்லைட் பின்னால் இருக்கிற கப்ளரின் லாக்கை அழுத்தி உருவிப் பாருங்கள், பின்னில் பச்சைக் களிம்பு இருந்தால் பாதி வேலை முடிந்தது. காண்டாக்ட் கிளீனர் அடித்து மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காய விட்டுப் போடுங்கள். உப்புத்தாள் வேண்டாம், பின்னுக்கு மேல் இருக்கிற முலாம் போய்விட்டால் அடுத்த மழைக்கு இதைவிட வேகமாகக் களிம்பு ஏறும்.

அடுத்தது எர்த். அந்தப் பக்க எர்த் வயர் பாடியில் போல்ட் போட்டு முறுக்கியிருக்கும், அந்த இடத்தில் துரு இருக்கும். மல்டிமீட்டர் இருந்தால் ஊகமே வேண்டாம்: பேட்டரியைத் திரும்ப மாட்டி, டிஆர்எல் எரியும்போது கப்ளரின் எர்த் பின்னில் ஒரு முனை, பேட்டரி நெகட்டிவில் ஒரு முனை. 0.1, 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது, அதற்கு மேல் போனால் எர்த்தில் தடை. கப்ளரின் சப்ளை பின்னில் வருகிற வோல்ட்டை வலது பக்க விளக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு வந்தும் இடது மங்கலாகவே இருந்தால் மட்டும்தான் உள்ளே எல்இடிக்குக் கரண்டை அளந்து கொடுக்கிற டிரைவர் போர்டு போயிருக்கிறது என்று அர்த்தம். அப்போது அசெம்பிளி பற்றிப் பேசலாம், அதற்கு முன்னால் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

கொருக்குப்பேட்டை_பையன்:

இவ்வளவு எதுக்கு ப்ரோ, ஜி.பி. ரோடு போனா ரெண்டு பக்கமும் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டிக் கொடுத்துடுவாங்க, ஓடுற மாதிரி இண்டிகேட்டரோட வரும், சூப்பரா இருக்கும்.

பழைய_வயர்மேன்:

தம்பி, ஒட்டுவது பெரிய விஷயமில்லை, கரண்ட் எங்கிருந்து எடுக்கிறான் என்பதுதான் விஷயம். பார்க் லைட் வயரைக் கத்தியால் சீவி முறுக்கி டேப் சுற்றுவான், அந்த இடத்தில்தான் ஆறு மாதத்தில் களிம்பு பிடிக்கும். பேட்டரியில் நேராகக் கொடுத்தால் இரவெல்லாம் எரிந்து காலையில் வண்டியைத் தள்ளுவீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் இக்னிஷன் போட்டால் மட்டும் வருகிற லைனில், ஃபியூஸும் ரிலேவும் வைத்து, ஹெட்லைட் போட்டதும் அணைகிற மாதிரி செய்யச் சொல்லுங்கள். ஐரோப்பிய விதியில் ஒரு டிஆர்எல் 400 முதல் 1200 கேண்டெலாவுக்குள் (வெளிச்சத்தின் செறிவு அளவு) இருக்க வேண்டும், வெள்ளையாக மட்டும் இருக்க வேண்டும். இரவிலும் அதே பளபளப்பில் எரிகிற கடை ஸ்ட்ரிப் எதிரே வருகிறவன் கண்ணைக் குத்தும். சிவப்பு நீலம் சிமிட்டுகிறதெல்லாம் போலீஸ்காரரைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்கிற வேலை.

எண்ணூர்_ஷிஃப்ட்:

பேட்டரி பற்றிக் கேட்டீர்களே. சாதாரண ஹெட்லைட்டில் வருகிற எச்4 பல்பு லோ பீமில் ஒன்றே 55 வாட், எல்இடி டிஆர்எல் அதில் சின்னப் பங்குதான். இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் தருகிற கரண்டில் எரிவதால் பேட்டரி தீராது. சில பழைய மாடல்களில் டிஆர்எல்லுக்கு 21 வாட் பல்பு, இல்லையென்றால் எச்15 பல்பில் 15 வாட் இழை இருக்கும், அவைகூடப் பெரிய சுமை இல்லை.

பிடுங்கச் சொல்கிறார்களே, அதில் எனக்கு உடன்பாடில்லை. பகலில் விளக்கு என்பது வடக்கே வெளிச்சம் குறைந்த நாடுகளில் பிறந்த பழக்கம்தான், ஸ்வீடனில் 1977லேயே கட்டாயம், கனடாவில் 1989 டிசம்பரிலிருந்து புது வண்டிகளுக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 பிப்ரவரியிலிருந்து புது கார் மாடல்களுக்கு. நம் ஊரில் கார்களுக்குக் கட்டாயமில்லை, 2017 ஏப்ரலிலிருந்து புது பைக்குகளுக்குத்தான் ஹெட்லைட் தானாக எரிய வேண்டும் என்று வந்தது. நம் வெயிலுக்கு எதற்கு என்று கேட்கலாம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசையாக நிற்கிற இடுக்கிலிருந்து ஒரு சாம்பல் நிறக் கார் வெளியே வரும்போது, புழுதியில் எனக்கு முதலில் தெரிவது அந்த வெள்ளைக் கோடுதான்.

ஆனால் அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதைத்தான் சொல்ல வந்தேன். பெரும்பாலான வண்டிகளில் டிஆர்எல் எரியும்போது பின்னால் ஒன்றுமே எரியாது. முன்னால் வெளிச்சம், டாஷ்போர்டிலும் வெளிச்சம், ஓட்டுகிறவர் லைட் போட்டாயிற்று என்று நினைத்துக்கொள்கிறார். போகிப் புகையில், நவம்பர் மழையில், சாயங்காலம் ஆறு மணிக்கு மணலி பக்கம் பின்பக்கம் கும்மிருட்டாகப் போகிற புதுக் கார்களைப் பார்த்தாலே வயிறு கலங்குகிறது, பின்னால் வருவது டிரெய்லர் ஆயிற்றே. மழையோ புகையோ வந்தால் சுவிட்சைத் திருப்பி ஹெட்லைட்டே போடுங்கள்.

வியாசர்பாடி_வாசகி:

லென்ஸில் படிந்த ஈரம் பற்றி யாரும் சொல்லவில்லையே. கார் கழுவிய பிறகோ மழைக்குப் பிறகோ மெல்லிய பனி படிந்து, ஹெட்லைட்டைக் கொஞ்ச நேரம் எரிய விட்டதும் போனால் சாதாரணம், விளக்குக்கு மூச்சுவிட என்றே சின்ன ஓட்டை வைத்திருக்கிறார்கள். நீர்முத்து கோத்து வழிந்தாலோ, அடியில் தண்ணீர் தேங்கினாலோ எங்கோ கசிவு. பின்மூடியின் ரப்பரைப் பாருங்கள், பல்பு மாற்றியவர் சரியாக மூடாமல் விட்டிருப்பார். கசிவென்று நினைத்து சிலிக்கான் பூசி அந்த மூச்சு ஓட்டையையும் அடைத்துவிடாதீர்கள் அண்ணா. பிரஷர் வாஷரை லென்ஸ் ஓரத்தில் கிட்டே வைத்து அடிக்கவும் விடாதீர்கள்.

பம்பரில் கீழே டிஆர்எல் இருக்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும்போது இறங்கினால் முதலில் முங்குவது அதுதான்.

கடலோரத்_தெரு:

எல்லோருக்கும் நன்றி. கப்ளரைக் கழற்றினேன், பின்னில் நல்ல பச்சை. மச்சான் மீட்டர் கொண்டு வந்தான், எர்த் பக்கம் 0.9 காட்டியது, வலது பக்கம் 0.05. ஈரம் லேசான பனிதான், அரை மணி நேரம் ஹெட்லைட் போட்டதும் போய்விட்டது. எர்த் போல்ட் ஃபெண்டர் உள்பக்கம் துருவேறி இறுகிக் கிடக்கிறது, திருகினால் உடைந்துவிடுமோ?

பழைய_வயர்மேன்:

0.9 என்றால் எர்த்தேதான், அசெம்பிளியை மறந்துவிடுங்கள். போல்ட்டில் துரு எண்ணெய் அடித்து ஒரு இரவு ஊற விடுங்கள், பலம் கொடுத்துத் திருகாதீர்கள், முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து எடுங்கள். அடியில் வெறும் இரும்பு பளிச்சென்று தெரிகிற வரை சுரண்டி, வயர் முனையில் இருக்கிற வளையத்தையும் சுத்தம் செய்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். வளையம் உளுத்திருந்தால் புதிது அடித்துக்கொள்ளலாம், எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடமும் கிடைக்கும். வலது பக்கத்தையும் அப்படியே பார்த்துவிடுங்கள், அதுவும் அதே காற்றில்தானே நிற்கிறது.