பணம் எப்போது வந்தது? ஆராய்ச்சி நிதி வாங்கியவர்கள் சொல்லுங்கள்

கானாடுகாத்தான்காரன்:

காரைக்குடிப் பக்கத்தில் ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் வாங்கியவர்கள், எழுதிப்போட்டுக் கிடைக்காதவர்கள், அடுத்தவர் வாங்கிய பணத்துக்குக் கணக்கு எழுதியவர்கள் எல்லாரும் அவரவர் கதையை இங்கே போடுங்கள். எவ்வளவு வந்தது என்பது எனக்குப் பெரிதில்லை. எப்போது வந்தது என்று சொல்லுங்கள். கேட்டவன் நான், அதனால் முதல் கதை என்னுடையது.

என் ஐயா, அதாவது தாத்தா, ரங்கூனில் ஒரு வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக, போய், மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாளாக உயர்ந்தவர். அவருடைய பேரேடுகள் இரண்டு எங்கள் வீட்டு இரண்டாம் கட்டு அலமாரியில் இன்னும் இருக்கின்றன. பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி, அதன் கீழே சிவமயம், அப்புறம் பற்றும் வரவும். நடுநடுவே மகமை என்று ஒரு வரி வரும். கோயிலுக்கும் தருமத்துக்கும் எடுத்து வைத்தது. "மகமையை மிச்சம் பார்த்துப் போடமாட்டாக தம்பி, முதல்ல அது போயிரும், அப்புறந்தான் மத்தது" என்பார் அப்பச்சி, என் அப்பா.

நம் நாடு ஆராய்ச்சிக்கு எடுத்து வைப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். இது 2020-21 கணக்கு. ரூபாயில் பார்த்தால் 2010-11 இல் 60,197 கோடியாக இருந்தது 1,27,381 கோடி ஆகியிருக்கிறது, இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் நாட்டு வருமானமும் கூடவே வளர்ந்ததால் பங்கு ஏறவில்லை. தென் கொரியாவில் இதே பங்கு நாலரை சதவீதத்துக்கும் மேல். இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. பட்டுத் தெரிந்துகொண்டது வேறு.

2019 இல் லித்தியம் பேட்டரி சம்பந்தமான ஒரு மூன்று வருடத் திட்டத்தில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர்) ஆகச் சேர்ந்தேன். எந்த நிறுவனம், எந்தத் துறைப் பணம் என்பது வேண்டாம். உதவித்தொகை மாதம் 31,000 ரூபாய் என்று அந்த ஆண்டுதான் உயர்த்தியிருந்தார்கள். ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். முதல் வருடப் பணம் ஒழுங்காக வந்தது. இரண்டாம் வருடத் தவணைக்குச் செலவுக் கணக்கை ஏப்ரலில் அனுப்பினோம். அதோடு ஏழு மாதம் ஒரு தகவலும் இல்லை. மெஸ் பாக்கி, ரூம் வாடகை, இடையில் அத்தை மகள் கல்யாணத்துக்கு மொய். வட்டிக்கடைக்காரர் பேரன் மோதிரத்தைக் கழற்றிக்கொண்டு அடகுக்கடை வாசலில் நின்றதை அப்பத்தாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. ஆர்கான் கதைதான் தாங்க முடியாதது. லித்தியத்தை வெளிக்காற்றில் எடுக்க முடியாது. கிளவ் பாக்ஸ் என்று ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஆர்கான் வாயு நிரம்பி இருக்கும். ஈரப்பதமும் ஆக்சிஜனும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே நிற்கவேண்டும். கையுறைக்குள் கையை நுழைத்து, வெள்ளி மாதிரி மின்னும் லித்தியத் தகட்டை வட்ட வட்டமாக வெட்டி, சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிய காயின் செல்லுக்குள் வைத்து அழுத்த வேண்டும். அந்தத் தீபாவளிக்கு முந்தின வாரம் சிலிண்டர் மீட்டரில் முள் கீழே இறங்கிவிட்டது. கடைக்காரருக்குப் போன் செய்தால், "பழைய பாக்கியே மூணு பில் நிக்குது சார், அத முடிச்சுவிடுங்க, வண்டி அனுப்புறேன்" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தானே? லீவு முடிந்து வந்து பார்த்தால் ஈரம் பத்து லட்சத்தில் நாற்பது பங்குக்குப் போயிருந்தது. தகடு பூராவும் சாம்பல் பூத்து, ஓரமெல்லாம் கறுத்துக் கிடந்தது. முப்பது செல்லுக்கு வைத்திருந்த லித்தியம்.

பணம் நவம்பர் கடைசியில் வந்தது. முழுசாக, ஒரு ரூபாய் குறையாமல்.

பழைய கணக்கர், தேவகோட்டை:

தம்பி, நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன். ஒரு கல்வி நிலையத்தில் கணக்குப் பிரிவில் முப்பத்தோரு வருடம். எங்களைத் திட்டாமல் எழுதியதற்கு முதலில் நன்றி.

செலவுக் கணக்கு அனுப்பினோம் என்கிறீர்களே, அதில் எத்தனை தடவை விளக்கம் கேட்டு வந்தது என்று உங்கள் சாரிடம் கேட்டீர்களா? பயன்பாட்டுச் சான்றிதழ் என்பது பொது நிதி விதிகளில் 12-ஏ படிவம். அதில் மீதி இவ்வளவு என்று ஒரு தொகை, கூட வைக்கும் செலவு அறிக்கையில் வேறு தொகை. பத்து ரூபாய் வித்தியாசம் என்றாலும் டெல்லியிலிருந்து திரும்பி வரும். திரும்பி வந்தது பேராசிரியர் மேசையில் இரண்டு வாரம் கிடக்கும், அவர் மாநாட்டுக்குப் போயிருப்பார். முன் தவணைக்குக் கணக்கு முடியாமல் அடுத்த தவணை கிடையாது. பணத்துக்கு வங்கியில் வட்டி வந்தால் அதுவும் அரசுக்கே திரும்பப் போகவேண்டும், நாங்கள் தொடக்கூடாது.

ஒரு கூத்து சொல்கிறேன். ஒரு ஆய்வகத்தில் எலி வயரைக் கடித்துவிட்டது. அந்த மேடம் 240 ரூபாய்க்கு எலிப்பொறி வாங்கி பில் கொடுத்தார். எந்தத் தலைப்பில் போடுவது? கருவி இல்லை, ரசாயனம் இல்லை. சில்லறைச் செலவில் போட்டேன். தணிக்கைக்கு வந்தவர், "திட்டத்துக்கும் எலிக்கும் என்ன சம்பந்தம்?" என்று எழுத்தில் கேட்டார். நானும் எழுத்தில் பதில் சொன்னேன். மூன்று கடிதம் போய் வந்தது. தபால் செலவே எலிப்பொறி விலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

எல்லாவற்றையும் ஜெம் என்ற அரசுக் கொள்முதல் இணையதளத்தில்தான் வாங்கவேண்டும், விலை குறைந்தவனுக்கே கொடுக்கவேண்டும் என்று இருந்ததை 2025 ஜூனில் தளர்த்தியிருக்கிறார்கள். ஆராய்ச்சிக் கருவி, ரசாயனம் இரண்டு லட்சம் வரை விலைப்புள்ளி கேட்காமலே வாங்கலாம். முன்பு ஒரு லட்சமாக இருந்தது. என் காலத்தில் இது இருந்திருந்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு வந்திருக்காது.

வேதியியல் சார், திருப்பத்தூர்:

சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூரைச் சொல்கிறேன், யாரும் குழம்ப வேண்டாம்.

எனக்குப் பணம் சரியான நேரத்தில்தான் வந்தது. வரிதான் முந்திக்கொண்டது. 12 லட்ச ரூபாய்க் கருவி, ஆராய்ச்சி நிலையங்களுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. என்ற சலுகையை நம்பி 12 லட்சத்து 60 ஆயிரம் கேட்டேன், அதுவே ஒப்புதல் ஆனது. 2022 ஜூலை 18 முதல் சலுகை போய் 18 சதவீதம். விலை 14 லட்சத்து 16 ஆயிரம். ஒன்றரை லட்சத்துக்கு மேல் துண்டு விழுந்தது. கல்லூரி கையை விரித்துவிட்டது. அந்தக் கருவியில் இம்பிடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான மின்தடை) அளக்கும் பகுதி தனி விலை, அதைக் கழற்றிவிட்டுக் கொடுக்கச் சொன்னேன். திட்டத்தின் தலைப்பிலேயே இம்பிடன்ஸ் இருந்தது. இரண்டு வருடம் என் மாணவி மாதிரிகளை டிபன் பாக்ஸில் வைத்து மதுரைக்குப் பஸ்ஸில் கொண்டுபோய் அளந்து வந்தாள்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். இந்தப் பணம் எங்கள் மாதிரிக் கல்லூரிக்கு வந்ததே அபூர்வம். நிதியில் பெரும்பங்கு ஐ.ஐ.டி.க்கும் அந்த வரிசையில் இருப்பவற்றுக்கும் போகிறது என்பதை அரசே நாடாளுமன்றத்தில் சொல்லித்தான் 2023 இல் ஆராய்ச்சி நிதிக்குப் புதுச் சட்டம் கொண்டுவந்தது.

கண்ணாடித் தட்டு:

நான் படிக்காதவன், ஆத்தங்குடிப் பக்கம் தரையில் பதிக்கும் கலர் கல் போடுகிறேன். இங்கே எழுதலாமா தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

கண்ணாடி மேலே சட்டத்தை வைத்துக் கலரை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டுத் தட்டி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுப்போம். கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடும். பாலிஷ் கிடையாது. சில வருடமாகச் சில கல்லில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. மணலா, தண்ணீரா, சிமெண்டா தெரியவில்லை. சிவப்புக் கல்லில் பூத்தால் திருநீறு கொட்டின மாதிரி இருக்கும். வாங்கினவர் சண்டைக்கு வருவார்.

ஒரு கல்லூரிக்கு நாலு கல்லைக் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பேராசிரியர் நல்ல மனுஷர், உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "அண்ணே, இதுக்குத் திட்டம் எழுதினா எந்தக் கமிட்டியிலயும் நிக்காது. புதுசு இல்லைம்பாங்க" என்றார். அப்புறம் அவரே எம்.எஸ்ஸி. பிள்ளைகள் இரண்டு பேரிடம் கொடுத்தார். பணம் ஒரு பைசா இல்லை. அவர்கள் என் தொட்டித் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்துப் போய்ப் பார்த்து, தொட்டித் தண்ணீரை மாற்றாமல் வைத்திருப்பதால் உப்பு ஏறுகிறது என்றார்கள். இப்போது பத்து நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறேன். முக்கால்வாசி குறைந்துவிட்டது. மீதி கால்வாசி என்னவென்று பார்ப்பதற்குள் அந்தப் பிள்ளைகள் படிப்பு முடிந்து போய்விட்டார்கள்.

ஓய்வுபெற்றவன், காரைக்குடி:

ஆத்தங்குடி ஐயா எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

இந்த ஊரில் இருந்துகொண்டு சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றிப் பேசாமல் ஆராய்ச்சி நிதி பேச முடியாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். பொட்டல் காடு மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் ஆனது. இதைச் சொல்லாத மேடை இங்கே கிடையாது.

மேடையில் சொல்லாதது ஒன்று உண்டு. கொடுத்தது ஒருமுறை. அதற்கப்புறம் எழுபது வருடத்துக்கு மேலாகச் சம்பளமும் மின்கட்டணமும் ரசாயனமும் அரசின் வருடாந்திர ஒதுக்கீட்டில் வருகிறது. வள்ளல் கட்டிடம் தருவார், ஆர்கான் சிலிண்டர் தரமாட்டார். அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது, அது அவர் வேலை இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2023 இல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் என்று சட்டம் போட்டு, ஆராய்ச்சித் திட்டங்களுக்குப் பணம் தந்துகொண்டிருந்த, 2008 சட்டத்தில் வந்த பழைய வாரியத்தை அதற்குள் கரைத்தார்கள். ஐந்து வருடத்துக்கு 50,000 கோடி. கேட்க நிறைவாக இருக்கிறது. ஆனால் அதில் சுமார் 36,000 கோடி தொழில் நிறுவனங்களும் கொடையாளர்களும் தருவார்கள் என்பது கணக்கு. அரசின் பங்கு 14,000 கோடி. எத்தனை அழகப்பர் வேண்டும் என்று வகுத்துப் பாருங்கள். 2025 ஜூலையில் இன்னொன்று, ஒரு லட்சம் கோடிக்கு ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்க நிதி. அது பெரும்பாலும் குறைந்த வட்டியில் அல்லது வட்டியில்லாமல் நீண்டகாலக் கடனாகத் தனியாருக்குப் போவது. ஆய்வகத்தில் ஓரளவு நிரூபித்து முடித்த தொழில்நுட்பத்துக்குத்தான். ஆத்தங்குடிக் கல்லின் கால்வாசி உப்பு அந்த வாசலில் நுழைய முடியாது.

ஒன்று மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. புது நிறுவனத்தில் பெரிய நிலையம் ஒன்று நடுவில், மாநிலப் பல்கலைக்கழகங்கள் அதைச் சுற்றி ஆரம் போல என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். திருப்பத்தூர் சாரின் மாணவி பஸ் ஏறாமல் இருக்க அது உதவினால் சரி.

டீச்சர், கண்டனூர்ப் பக்கம்:

எங்களுடையது சின்னத் தொகை. இன்ஸ்பயர் விருதில் தேர்வாகும் பள்ளிப் பிள்ளைக்கு 10,000 ரூபாய், அது நேராக அந்தப் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு வரும். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அம்மா கொட்டான் என்கிற ஓலைக்கூடை பின்னுகிறவர். பனை ஓலையை ஒரே அகலத்தில் கிழிக்க ஒரு கருவி யோசித்தாள். மரக்கட்டையில் வரிசையாக பிளேடு. தேர்வாகிவிட்டது.

பணம் சொன்ன நேரத்தில் வந்தது. கணக்குதான் தூங்கிவிட்டது. நெடுநாளாக வரவு செலவு இல்லை என்று வங்கியில் முடக்கி வைத்திருந்தார்கள். ஆதார், போட்டோ, அம்மாவின் கையெழுத்து என்று நான்கு நடை. கண்காட்சிக்கு எட்டு நாள். நான் கையிலிருந்து 2,000 கொடுத்தேன். பிளேடு, தேக்குத் துண்டு, ஆசாரி கூலி எல்லாவற்றையும் ரூல்டு நோட்டில் எழுதியிருந்தாள். கண்காட்சி முடிந்து என் கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மீதிய யாருக்கு டீச்சர் திருப்பிக் குடுக்கணும்?" என்று கேட்டாள்.

பழைய கணக்கர், தேவகோட்டை:

அந்தப் பெண்ணை என் வேலைக்கு எடுத்திருக்க வேண்டும்.

கானாடுகாத்தான்காரன்:

திருப்பிக் கொடுத்த கதை என்னிடமும் இருக்கிறது. எழுதாமல் விட்டிருந்தேன்.

எங்கள் திட்டத்தின் கடைசித் தவணை 1,86,000 ரூபாய், திட்டக் காலம் முடிந்து ஐந்து வாரம் கழித்து வந்தது. முடிந்த திட்டத்தில் புதிதாக எதுவும் வாங்க முடியாது. சாரும் நானும் அதைப் பைசா குறையாமல் திருப்பி அனுப்பினோம். கணக்கர் ஐயா சொன்ன மாதிரி வட்டியையும் சேர்த்து. ஆனால் செல்களை மாறிமாறி மின்னேற்றி இறக்கும் சோதனை அதற்குள் பாதி ஓடியிருந்தது, நிறுத்தினால் மூன்று மாத வேலை போய்விடும். ஓடி முடிந்த செல்லைப் பிரித்துப் பார்க்கப் பெட்டிக்கு ஆர்கான் வேண்டும். ஒரு சிலிண்டரைச் சொந்தக் காசில் சாரும் நானும் பாதிப் பாதி போட்டு எடுத்தோம்.

கடைக்காரர் சிலிண்டரை இறக்கிவிட்டு, பில்லை யார் பேரில் போடட்டும் என்று கேட்டார்.